சிவகாமி வீட்டு ஸ்பீக்கர் வயர்

"அண்ணே, வயர மாத்துனா சத்தம் நல்லா வருமா?"

இந்தக் கேள்விய ஹட்டன்ல கடை வெச்சிருந்த காலம் பூரா கேட்டுட்டேன். இனிமே உங்ககிட்ட கேப்பாங்க. கம்ப்யூட்டருக்கு ரெண்டு ஸ்பீக்கர் வாங்கியிருப்பாங்க, இன்டர்நெட்டுல எவனோ சொன்னதக் கேட்டுட்டு விரல் தடிப்புக்கு வயர் வேணும்னு வந்து நிப்பாங்க. சுருக்கமா பதில் சொல்லிர்றேன். ஆறடி தூரத்துக்குத் தங்கத்துல கம்பி இழுத்தாலும் பெரிசா ஒண்ணும் வந்துறாது. இருக்கிற வயர் தலமுடி கணக்கா இருந்தா மாத்துங்க. நம்ம ஊரு ஈரத்துல பச்சை பூத்துப் போயிருந்தா மாத்துங்க. எலி கடிச்சிருந்தா கட்டாயம் மாத்துங்க. மத்தபடி ஜாயின்ட்ட இறுக்கமா போடுங்க, பிளஸ்ஸ பிளஸ்ஸுக்கும் மைனஸ மைனஸுக்கும் குடுங்க. அவ்வளவுதான் வித்தை.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கோர்ஸ் படிச்சு சர்டிபிகேட் வாங்குன புள்ளைங்க நீங்க. தெரியாத வேலையில யாரும் பெரிசா தப்பு பண்ண மாட்டாங்க, ஏன்னா பயந்து பயந்து செய்வாங்க. தெரிஞ்ச வேலையில தப்பு பண்றது எப்படின்னு வேணா நான் சொல்லித் தாறேன். கடைய மூடி ரெண்டு வருஷமாச்சு, இனிமே போறதுக்கு மானம் ஒண்ணும் மிச்சம் இல்ல.

நான் வேலை பழகுனது பஜார்ல ஒரு முஸ்லிம் நானா கடையில. கோபக்காரன். ஆனா கை சுத்தம். அவருக்கு ஒரு விசித்திரமான சட்டம் இருந்துச்சு: ஜாயின்ட் பாதியில இருக்கும்போது தேத்தண்ணி குடிக்கக் கூடாது. நம்ம பக்கம் எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் ஸ்க்ரூ டிரைவர வெளிய எடுக்கிறதுக்குள்ள தேத்தண்ணி வந்துரும். வேணாம்னா மூஞ்சி சுருங்கிப் போயிரும். அதனால நானா வாசல்லயே சொல்லிருவாரு: "தங்கச்சி, இப்ப ஊத்த வேணாம், நான் செல்றப்ப ஊத்துங்க." அவங்க பேச்சுல சொல்றது, "செல்றது"தான். அதே மாதிரி ஸ்பீக்கர் வயர் குடுத்தா, கண்ணு நல்லா தெரிஞ்சாலும், டோர்ச் பெட்டரி ஒண்ண எடுத்து வயரோட நுனியில தொட்டுப் பாப்பாரு. ஸ்பீக்கர் தாள் முன்னால வந்தா சரி, உள்ள போனா வயர் மாறிப் போச்சு. "ஞாபகம் பொய் செல்லும், பெட்டரி பொய் செல்லாது"ன்னுவாரு. எனக்கு அப்ப சிரிப்பா இருக்கும். மனுசனுக்குச் சுடச்சுடத் தேத்தண்ணி வேணும், அதுக்குத்தான் இந்த நாடகம்னு நினைச்சேன். தனிக்கடை போட்டதும் ரெண்டு பழக்கத்தையும் விட்டுட்டேன். எனக்கு என்ன, ஞாபகசக்திக்கா பஞ்சம்!

சரி, சிவகாமி கதைக்கு வாரேன்.

சிவகாமி நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல, ஒட்டி ஒட்டி வரிசையா நிக்கிற வீடுகள்ல ஒண்ணுல இருக்கு. அப்ப நாப்பது வயசு இருக்கும். முந்தி கொழுந்து எடுத்த பொம்பள. ஒரு மழை நாள்ல மலையில வழுக்கி விழுந்து முழங்கால் முறிஞ்சு போச்சு. ஆணி வெச்சுத் தெச்சாங்க, நடக்கலாம், ஆனா கூடையோட மலை ஏற முடியாது. காலு போச்சு, ஆனா குரல் இருக்கே, அடேயப்பா! மேல் மலையில நின்னு ஒரு சத்தம் குடுத்தா கீழ லயத்துல அடுப்பு ஊதிக்கிட்டு இருக்கிறவங்க நிமிந்து பாப்பாங்களாம். கோயில் திருவிழாவுல மைக்கப் பிடிச்சு, காணாமப் போன புள்ளையப் பத்திச் சொன்னாலும் சரி, காணாமப் போன செருப்பப் பத்திச் சொன்னாலும் சரி, ஜனம் நின்னு கேக்கும்.

அந்தக் குரலத்தான் அது பொழைப்பா ஆக்கிக்கிச்சு. டவுன்ல ஆட்டோவுல குழாய் கட்டிக்கிட்டு அறிவித்தல் போகுதில்ல? கடைத் திறப்பு, கோயில் தேர், தீபாவளி விற்பனை, யாராவது செத்துட்டா மரண அறிவித்தல். இதையெல்லாம் வீட்டுல ஒரு கம்ப்யூட்டர்ல பதிஞ்சு, குரலுக்குக் கனம் கூட்டிக் குறைச்சு, பின்னால கொஞ்சம் நாதஸ்வரம் சேத்து, போன்ல அனுப்பி வைக்கும். காலு ஒடைஞ்ச பொம்பள உக்காந்த இடத்துல சம்பாதிக்குதுன்னா லயத்துல சும்மாவா விடுவாங்க? "ரேடியோக்காரி"ன்னு பட்டம். அது அதுக்கும் சிரிச்சுக்கும்.

அந்த வருஷம் ஹட்டன் பஜார்ல ஒரு ஜவுளிக்கடை முதலாளி, தீபாவளி சீசன் முழுக்க அறிவித்தல் சிவகாமிக்கே குடுக்கிறதா வாக்குக் குடுத்திருந்தாரு. முதல் ரெக்கார்டிங் நல்லா இருக்கணும், அது ஒண்ணுதான் நிபந்தனை. நல்லா வந்துட்டா பஜார்ல மத்த கடைக்காரங்களும் வருவாங்க. வரலன்னா சிவகாமிக்கு வீட்டுல வேற கதை காத்திருந்துச்சு. அது புருசன் முருகையா ஃபெக்டரியில வேலை. நல்ல மனுசன்தான், ஆனா அந்தக் கம்ப்யூட்டர் மேல நம்பிக்கை இல்லாத ஆளு. "இந்த சீசன் பாப்போம், சரி வரலன்னா பெட்டிய வித்துட்டு, உன்னைய புள்ளை மடுவத்துல குழந்தைங்களப் பாக்க உதவிக்குச் சேத்து விடுறேன்"ன்னு சொல்லிட்டாரு.

அந்த நேரத்துலதான் ஸ்பீக்கர் கரகரன்னு சத்தம் போட ஆரம்பிச்சிருக்கு. சிவகாமி என் கடைக்கு வந்து சொல்லுச்சு, "அண்ணே, நல்ல வயரா பாத்துப் போட்டுத் தாங்க. இந்த சீசன் எனக்கு வாழ்வா சாவா மாதிரி."

"நான் இருக்கேன், கவலப்படாத"ன்னேன். அப்படித்தான் சொல்லுவேன், எல்லாருக்கும்.

மறுநாள் போனேன். முன் காம்பராவுல, அதான் முன் அறையில, சன்னல் ஓரமா மேசை. அதுல கம்ப்யூட்டர், சின்ன ஆம்ப் ஒண்ணு, மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒண்ணு. அடுத்த ஸ்பீக்கர் அதே சுவர்ல, வாசக்கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பலகையில. பழைய வயரப் பாத்தா, தைக்கிற நூல் தோத்துப் போகும். உள்ள பச்சை பூத்து, ரெண்டு இடத்துல எலிப்பல்லு வேற. மாத்த வேண்டிய வயர்தான், சந்தேகமே இல்ல. மேசைப் பக்கத்து ஸ்பீக்கருக்குப் புது வயர் அஞ்சு நிமிசத்துல குடுத்துட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் போற வயரத் தரையில போட்டா ஈரம், அதனால மேல கூரைச் சட்டத்து வழியா கொண்டு போயி அந்தப் பக்கம் இறக்கணும். கொண்டு போன வயர் நீளம் பத்தல. பையில வேற ஒரு துண்டு இருந்துச்சு. முதல் வயர்ல ஒரு கம்பி சிவப்பு, ஒண்ணு கறுப்பு. இந்தத் துண்டுல ரெண்டு கம்பியும் ஒரே நிறம், ஒண்ணுல மட்டும் மெல்லிசா ஒரு கோடு. பரவாயில்ல, ஜாயின்ட் போட்டுக்கலாம்னு, உக்கார்ற கதிரைய இழுத்துப் போட்டு மேல ஏறுனேன்.

சிவப்போட கோடு போட்ட கம்பிய முறுக்குனேன். அப்பப் பாத்து கீழ சத்தம்: "அண்ணே, தேத்தண்ணி."

"இரு, வாரேன்."

"ஆறிப் போயிரும் அண்ணே. இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன்."

இறங்கிட்டேன். பால் ஊத்தாத நல்ல சாயத் தேத்தண்ணி, கடிச்சுக்கக் கித்துள் கருப்பட்டி ஒரு துண்டு. முருகையா வேற வந்து உக்காந்தாரு. தோட்டத்துல பக்கத்து டிவிஷன்ல சிறுத்தை வந்து நாயத் தூக்கிட்டுப் போன கதைய ஆரம்பிச்சாரு. சிறுத்தை எந்தப் பக்கமா வந்துச்சு, யாரு முதல்ல பாத்தாங்க, நாய்க்குச் சொந்தக்காரன் எப்படி ஓடுனான், ஒண்ணும் விடல. கால் மணி நேரம். திரும்ப மேல ஏறி மிச்சக் கம்பிய முறுக்கி டேப் சுத்துனேன். கதவுக்கு அந்தப் பக்கம் இறங்கி ஸ்பீக்கர்ல மாட்டுறப்ப, கோடு போட்ட கம்பிய கறுப்புல குடுத்தேன்.

பாத்தீங்களா? மேல கோடு சிவப்பு. கீழ கோடு கறுப்பு. நடுவுல ஒரு சிறுத்தை.

பெட்டரி என் பையிலதான் இருந்துச்சு, ஒரு தடவ தொட்டுப் பாத்திருந்தா அதோட முடிஞ்சிருக்கும். தொடல. ஒரு பாட்டப் போட்டோம். ஸ்பீக்கர் ரெண்டும் எதிரும் புதிருமா வேலை செஞ்சா சத்தம் ஒரு இடத்துல நிக்காம ரூம் பூராப் பரவும். அது கோளாறு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கேட்டியா சிவகாமி, சுவரெல்லாம் பாடுது! இதுதான் வயரோட மகிமை"ன்னு சொல்லிட்டு, இன்னொரு கோப்ப தேத்தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு பஸ் ஏறுனேன்.

மூணு நாள் கழிச்சு போன் பண்ணுச்சு. "அண்ணே, பாட்டு நல்லா கேக்குது. ஆனா என் குரல் ஒரு மாதிரி இருக்கு. நெஞ்சே இல்லாத மாதிரி."

"தொண்டை கட்டியிருக்கும். பனிமூட்டம் இறங்குற காலம். கொத்தமல்லி அவிச்சுக் குடி."

நான் தொண்டைக்கு டொக்டரா? ஆனா சொன்னேன். ஏன்னா வயர் என்னோடது, தொண்டை அதோடது. கோளாறு எங்க இருக்கணும்னு நானே தீர்மானம் பண்ணிட்டேன்.

அடுத்த வாரம் இன்னொரு தடவ கூப்பிட்டுச்சு. குரல மெதுவா, காப்பாத்திப் பேசுற மாதிரி இருந்துச்சு. "அண்ணே, அதே ரெக்கார்டிங்க போன்ல போட்டா சரியா இருக்கு. ஸ்பீக்கர்ல போட்டாத்தான் இல்ல."

தம்பிங்களா, தங்கச்சிங்களா, இந்த இடத்த நல்லா கவனிங்க. கோளாறு எங்க இருக்குன்னு அந்தப் பொம்பள தெளிவா சொல்லிருச்சு. போன்ல இருக்கிறது ஒரு ஸ்பீக்கர், அதுல சரியா இருக்கு. வீட்டுல ரெண்டு ஸ்பீக்கர், அதுல இல்ல. ஒரு புத்தியுள்ள ஆளு அந்த நிமிசமே பஸ் ஏறியிருப்பான். நான் சொன்னேன், "போன் ஏமாத்தும் சிவகாமி. எல்லாத்தையும் இனிப்பாக்கிக் காட்டும். நல்ல ஸ்பீக்கர், நல்ல வயர்ல கேட்டாத்தான் உண்மை தெரியும்."

அப்புறம், "அப்ப என் குரல்தான் அப்படியா அண்ணே?"ன்னு கேட்டுச்சு.

"வயசாகுது இல்லையா"ன்னேன். தமாசுக்குத்தான் சொன்னேன்.

சிவகாமி என் பேச்ச நம்பிருச்சு. ஸ்பீக்கர்ல குரலுக்குக் கனம் இல்லன்னதும் கம்ப்யூட்டர்ல கனத்தக் கூட்டுச்சு. அப்பவும் பத்தல, இன்னும் கூட்டுச்சு. வீட்டு ஸ்பீக்கர்ல கேக்கிறதுக்கு ஒரு மாதிரி வந்ததும் ஜவுளிக்கடைக்கு அனுப்பிருச்சு. அத ஆட்டோக் குழாயில போட்டா என்ன ஆகும்? பீப்பாய்க்குள்ள தலைய விட்டுப் பேசுன மாதிரி. சேலைன்னு சொல்றாங்களா சாலைன்னு சொல்றாங்களான்னு தெரியல. ஆட்டோ என் கடை முன்னாலயே போச்சு. நானும் கேட்டேன். குழாய் பழசுன்னு நினைச்சுக்கிட்டேன்.

அன்னிக்குச் சாயங்காலம் ஜவுளிக்கடை முதலாளி என் கடைக்கு வந்தாரு, சார்ஜர் ஒண்ணு வாங்க. "உங்க ஆளு சிவகாமிக்கு என்னங்க ஆச்சு? குரல் போயிருச்சு போல. பாவம். நான் வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்"ன்னாரு. அது என் வயரா இருக்குமோன்னு அப்ப எனக்கு ஒரு நினைப்பு வந்துச்சு. பொய் சொல்லல, வந்துச்சு. ஆனா என்ன பண்ணுனேன்? சார்ஜரக் கடுதாசியில சுத்திக் குடுத்தேன்.

சனிக்கிழமை காலையில மூணாவது போன். இந்தத் தடவ அது பேச்சுல ஒரு பதட்டம்.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்காதீங்க. இவரு கம்ப்யூட்டர விக்கப் போறாரு. பின்னேரம் வேனோட ஆளு வாராங்க. கதவுப் பக்கத்து ஸ்பீக்கரக் கழட்டிச் சேலையில சுத்தி வெச்சிட்டாரு. கடைசியா ஒருக்கா கேப்போம்னு என் ரெக்கார்டிங்க மிச்ச ஒரு ஸ்பீக்கர்ல போட்டேன். அண்ணே, அதுல நான் இருக்கேன். என் குரல் இருக்கு. ரெண்டுலயும் போட்டா நான் இல்ல, ஒண்ணுல போட்டா இருக்கேன். இது எப்படி அண்ணே?"

கதிரையும் கோடும் சிவப்பும் கறுப்பும் ஒண்ணொண்ணா கண்ணு முன்னால வந்துச்சு. ஒரே கதவ ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் நின்னு தள்ளுனா கதவு அசையுமா? ஒரு ஸ்பீக்கர் காத்த முன்னால தள்ள, மத்தது பின்னால இழுக்குது. குரலோட கனம் நடுவுல செத்துப் போகுது. இத நான் எத்தன பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்!

"சிவகாமி, யாரு வந்தாலும் பெட்டியக் குடுக்காத. நான் வாரேன்"ன்னு சொல்லிட்டுக் கடைய அப்படியே சாத்திட்டு ஓடுனேன். பஸ்ல கண்டக்டர் சிங்களத்துல "இஸ்ஸரஹாட்ட யன்ன, இஸ்ஸரஹாட்ட"ன்னு கத்துறாரு, முன்னால போகச் சொல்லி. எனக்கு இறங்கி ஓடுனா சீக்கிரம் போயிரலாம் போல இருந்துச்சு.

போனா, முருகையா சேலையில சுத்துன ஸ்பீக்கர மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. சிவகாமி கழுத்துல துணி சுத்தியிருக்கு. என்னப் பாத்ததும் வழக்கம் போல அடுப்புப் பக்கம் திரும்புச்சு. "தேத்தண்ணி வேணாம் இப்ப"ன்னேன். என் வாழ்க்கையில ஒரு தோட்டத்து வீட்டுல நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவ. ரெண்டு பேரும் பயந்து போயிட்டாங்க.

ஸ்பீக்கரப் பலகையில திருப்பி வெச்சு வயர மாட்டிட்டு, கதிரை மேல ஏறுனேன். டேப்பப் பிரிச்சேன். பாத்தேன். நான் நினைச்சதேதான். அந்த இடத்துல, கூரைத் தகரத்துக்குக் கீழ, ரெண்டு கையிலயும் ரெண்டு கம்பியப் பிடிச்சுக்கிட்டு நான் நின்ன அந்த ஒரு நிமிசத்தச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

கீழ இருந்து முருகையா கேட்டாரு, "என்ன அண்ணே, ஏதாவது லூசா?"

லூசுன்னு சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லுதான். "ஆமா, எலி இழுத்திருக்கு"ன்னுகூட சொல்லியிருக்கலாம், லயத்துல எலிக்குச் சாட்சி தேவையில்ல. கம்பிய மாத்தி முறுக்குனா குரல் வந்துரும், சிவகாமி கையெடுத்துக் கும்பிடும், நான் கடவுளாயிருவேன். யாருக்கும் தெரியாது. நான் அப்படிச் சொல்ல வாயத் தொறந்தேன், அதையும் மறைக்க மாட்டேன். அப்பத்தான் கீழ பாத்தேன். அந்தப் பொம்பள கழுத்துத் துணியப் பிடிச்சுக்கிட்டு என் வாயவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. எலின்னு சொன்னா, இன்னிக்குச் சந்தோசப்படும். ஆனா நாளைக்கு ஏதாவது சின்னதா கரகரன்னா, எலியா, தொண்டையான்னு திரும்பச் சந்தேகம் வரும். நான்தான் அந்தச் சந்தேகத்த அதுக்குள்ள வெச்சேன். நானே அத எடுக்கணும்.

கம்பிய மாத்தாம அப்படியே டேப்பச் சுத்திட்டு இறங்குனேன். ஸ்பீக்கர் துணி மூடியக் கழட்டுனேன், ரெண்டுலயும். பையில இருந்து பெட்டரிய எடுத்தேன். "ரெண்டு பேரும் கிட்ட வாங்க"ன்னேன். ஆம்ப் பக்கத்து நுனியக் கழட்டி, பெட்டரியோட பிளஸ்ல சிவப்பத் தொட்டேன். மேசை ஸ்பீக்கர் தாள் டக்குன்னு முன்னால வந்துச்சு. அதே மாதிரி மத்த வயரத் தொட்டேன். கதவுப் பக்கத்து ஸ்பீக்கர் உள்ள போச்சு.

"பாத்தீங்களா, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரா தள்ளுது. எலி செய்யல, லூசும் இல்ல. நான்தான் பிளஸ் மைனஸ் பாக்காம வயர மாத்திக் குடுத்திருக்கேன். உன் தொண்டையில ஒரு குறையும் இல்ல சிவகாமி. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல."

ஸ்பீக்கர் பக்கமே சிவப்பையும் கறுப்பையும் மாத்தி மாட்டுனேன். பெட்டரியத் தொட்டேன், ரெண்டும் ஒண்ணா முன்னால வந்துச்சு. ஆம்ப்ப மாட்டி, அதோட பழைய ரெக்கார்டிங் ஒண்ணப் போடச் சொன்னேன். போன வருஷம் கோயில் தேருக்குப் பதிஞ்சது.

குரல் வந்துச்சு. மேசையிலயிருந்தும் வரல, பலகையிலயிருந்தும் வரல. ரெண்டுக்கும் நடுவுல, மூடுன கதவுலயிருந்து, யாரோ நின்னு பேசுற மாதிரி வந்துச்சு. முருகையா எந்திரிச்சுப் போயி கதவத் தொறந்து வெளிய பாத்தாரு.

சிவகாமி சிரிக்கல, அழவும் இல்ல. கழுத்துத் துணிய அவுத்து மடிச்சு வெச்சுச்சு. அப்புறம் ஆரம்பிச்சுச்சு பாருங்க, முழுக் குரல்ல!

"எத்தன தடவ கேட்டேன் அண்ணே? எத்தன தடவ? உப்புத்தண்ணியும் கொத்தமல்லியும் குடிச்சுக் குடிச்சு வயிறு புண்ணாப் போச்சு. ஆஸ்பத்திரியில நம்பர் எடுத்து நின்னேன், தொண்டையில கட்டியான்னு பாக்க. கடைசி வீட்டு அத்தை செத்துப் போச்சு, என்னைய வளத்த மனுசி. அறிவித்தல் சொல்லுன்னு வந்து நின்னாங்க. எனக்குக் குரல் இல்லன்னு சொல்லிட்டேன் அண்ணே. யாரோ ஒரு ஆம்பள பேரத் தப்பாச் சொல்லி வாசிச்சான். அது திரும்பி வருமா? வயசாயிருச்சுன்னு சொன்னீங்களே!"

லயத்துல அக்கம் பக்கமெல்லாம் வாசலுக்கு வந்துருச்சு. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். "மன்னிச்சிரு தங்கச்சி"ன்னேன்.

"இங்க நாலு சுவருக்குள்ள சொன்னா யாருக்குக் கேக்கும்? குரல் போச்சுன்னு பஜார் பூராப் பேசுறாங்க. சொல்றதா இருந்தா இதுல சொல்லுங்க"ன்னு சொல்லி மைக்க என் முன்னால நகத்தி வெச்சிருச்சு.

சொன்னேன். முதல் தடவ, "மென்னு முழுங்காதீங்க அண்ணே, சத்தமா"ன்னுச்சு. ரெண்டாவது தடவ, "கடைசி வரி காணாமப் போகுது"ன்னுச்சு. மூணாவது தடவதான் திருப்தி. தொழில்னா தொழில். எவ்வளவு கோவத்துலயும் ரெக்கார்டிங்ல ஒரு குறை வைக்கல. வாசல்ல நின்ன சனம் சிரிச்ச சிரிப்பு அதுல விழுந்துறக் கூடாதுன்னு கதவையும் சாத்திட்டு வந்துச்சு.

அதுக்கப்புறம் ஜவுளிக்கடை அறிவித்தலத் திரும்ப, புதுசாப் பதிஞ்சுச்சு. ரெண்டையும் முதலாளிக்கு அனுப்பிச்சு, முதல்ல என்னோடது, பின்னால அதோடது. வேன் வந்தப்ப முருகையாவே போயி, "பெட்டி விக்கிறதுக்கில்லைங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாரு. மனுசன் அதோட நிக்கல, வேன்காரனையும் உள்ள கூப்பிட்டு கதவுல குரல் வாரதக் கேக்க வெச்சாரு.

சீசன்ல பாதி போயிருந்துச்சு. மிச்சத்த முதலாளி சிவகாமிக்கே குடுத்தாரு. ஆனா மனுசன் என் ரெக்கார்டிங்கக் கடையில வாரவன் போறவனுக்கெல்லாம் போட்டுக் காட்டிட்டாரு. தீபாவளி முடியுற வரைக்கும் பஜார்ல நான் நடந்தா, "என்னங்க, கை எப்படி இருக்கு?"ன்னு விசாரிப்பாங்க. நானும், "இப்ப சுகம்"னுட்டுப் போவேன். வியாபாரம் படுத்துரும்னு நினைச்சேன். படுக்கல. நான் எந்த வீட்டுக்குப் போனாலும் பெட்டரிய எடுத்துத் தொட்டுக் காட்ட ஆரம்பிச்சேன், சனத்துக்கு அது பிடிச்சிருச்சு. வாசல்லயே தேத்தண்ணி இப்ப வேணாம்னு சொல்லவும் பழகிக்கிட்டேன். அத்தை சாவு அறிவித்தல மட்டும் என்னால திருப்பிக் குடுக்க முடியல. அது இன்னிக்கும் உறுத்துது.

உங்களுக்கு நான் வேற புத்தி சொல்ல வரல. வீட்டுக்காரங்க சத்தம் சரியில்லன்னு சொன்னா, வேலை சரிதான்னு நிரூபிக்கப் போகாதீங்க, கேக்கப் போங்க. அந்த வீட்டுச் சத்தத்தோட தினமும் இருக்கிறது அவங்கதான்.

போன மாசம் உங்கள்ல ஒரு தம்பி சிவகாமி வீட்டுல புது ஆம்ப் மாட்டப் போனான். முழங்கால் வலியோட நானும் கூடப் போனேன், சும்மா பாக்க. வயரெல்லாம் குடுத்து முடிச்சிட்டு, "அக்கா, ஒரு பாட்டுப் போட்டுக் கேளுங்க"ன்னான்.

"பாட்டு ஏமாத்தும் தம்பி. என்கிட்ட செக் பண்றதுக்குன்னே ஒண்ணு இருக்கு"ன்னு சொல்லி சிவகாமி ஒரு ஃபைலத் தட்டுச்சு. எனக்குத் தெரியாது, இத்தன வருஷமா வயர் வேலைக்கு யாரு வந்தாலும் அதத்தான் போட்டுக் காட்டுதாம்.

மூடுன கதவுலயிருந்து, ரெண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவுல, கனமா, தெளிவா என் குரல் வந்துச்சு: "ஹட்டன்ல ஸ்பீக்கர் திருத்துற ஆளு பேசுறேன். சிவகாமி வீட்டு வயர மாத்திக் குடுத்தது நான். தப்பு அவங்க தொண்டையில இல்ல. என் கையில."

தம்பி என்னத் திரும்பிப் பாத்தான். நான், "வயர் சரி. வேலை சுத்தம்"ன்னேன். சிவகாமி தேத்தண்ணி ஊத்தப் போச்சு.